கரகோஷமும் கூக்குரலும்

ஊரார் பிள்ளை இடறி விழுந்தால் "ஐயோ பாவம்" என்று தூக்கிவிடுகின்ற மனிதன், தன் பிள்ளை இடறி விழுந்தால் "கண் எங்கே போயிற்று?" என்று அதட்டுகிறான். அன்பில்லாமையால் அன்று, தன்னுடையது என்ற உரிமையினாலேயே அவ்வாறு அதட்டுகிறான். இந்த உரிமைக் கோபம் வீட்டு முற்றத்தைத் தாண்டி விளையாட்டுத் திடலுக்கு வரும்போது அதற்குக் கூக்காட்டுதல் என்று பெயர். எதிரணிக்குக் கூக்காட்டுவது பழைய வழக்கம். அதிலே புதுமையொன்றும் இல்லை. தாம் கொடி பிடித்து அழைத்துவந்த சொந்த அணிக்கே கூக்காட்டுவதுதான் ஆராயத் தக்கது. அவ்வாறு கூக்காட்டினால் அணி திருந்துமா? தோற்கின்ற அணி வெல்லுமா? இக்கேள்விகளுக்கு வரலாறு தரும் விடை யாது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இது வெறும் பொழுதுபோக்கான ஆராய்ச்சி அன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாலை வேளையில் ஏதாவதொரு திடலில் உதைபந்தாட்டமோ கரப்பந்தாட்டமோ நடந்துகொண்டேயிருக்கும். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து, மெனிக் பாம் முதலிய முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக மீளக் குடியேறிய பின்னர், வீடும் பாடசாலையும் கோயிலும் எழுந்ததுபோலவே விளையாட்டுக் கழகங்களும் ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன. அத்தகைய கழகமொன்றின் இளைஞன், ஒரு பந்தைத் தவறவிட்டதற்காகத் தன் ஊரவராலேயே கூக்காட்டப்பெற்று, அடுத்த மாதம் திடலுக்கு வராமல் நின்றுவிட்டால், இழப்பு ஒரு கோல் மட்டும் அன்று. ஆகவே இக்கேள்வி நமக்கு வீட்டுக் கேள்வியாகும்.

உரிமையும் கோபமும்

கூக்காட்டுவோன் யார் என்று முதலிற் பார்ப்போம். தனக்கு ஒட்டும் உறவும் இல்லாத அணி தோற்றால் ஒருவனும் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வதில்லை. வன்னியில் இவ்வுண்மை தெளிவாகத் தெரியும். இலங்கைத் தேசிய அணி நமது அணிதானா என்ற கேள்விக்கு இங்குள்ள எல்லா வீடுகளிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. ஒரே குடும்பத்திலே தமையன் இலங்கை வெல்ல வேண்டும் என்பான். தம்பி இந்தியா வெல்ல வேண்டும் என்பான். யுத்தத்தின் வடு ஆறாத பெரியவர் இருவரையும் பார்த்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். இதனை ஒளிப்பதிற் பயனில்லை. ஆனால் எழுந்து போகின்ற பெரியவர் கூக்காட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உறவென்று எண்ணாத இடத்திலே கோபமும் இல்லை. அதே பெரியவர், தம் ஊர்க் கழகம் தோற்கும்போது வேலியோரத்தில் நின்று, கோல் காப்பாளன் காது கூசும்படி கத்துவார்.

ஆகவே, கூக்குரல் அன்பின் மறுபக்கம் என்று வாதிப்போர் கூற்று முழுதும் பொய்யன்று. அன்பிலிருந்து பிறந்தது என்பதனாலேயே அது நன்மை செய்யும் என்று முடிவுகட்டலாமா என்பதே கேள்வி. வேப்பெண்ணெயும் மருந்துதான், அதற்காகக் கண்ணிலே விடுவார் உண்டோ?

துடுப்பாட்டத்தை நமது நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர். வடக்கிலே அதனை வளர்த்தவற்றுள் மிசன் பாடசாலைகள் முதன்மையானவை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டிலே தொடங்கி ஆடிவரும் பெரும்போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்று இன்றும் வழங்குகின்றோம். மிசன் பாடசாலையொன்றிற் பயின்ற நாமும், எதிரி நன்றாக ஆடினால் அவனுக்கும் கைதட்ட வேண்டும் என்ற பாடத்தைக் கேட்டே வளர்ந்தோம். பாடம் சொல்வது எளிது. பத்தாயிரம் பேர் நடுவே நின்று அதனைக் கைக்கொள்வது அரிது. வானொலி வந்து, தொலைக்காட்சி வந்து, 1983இல் இந்தியாவும் 1996இல் இலங்கையும் உலகக் கிண்ணத்தை வென்ற பிறகு, ஆட்டம் ஆட்டமாக மட்டும் இருக்கவில்லை, நாட்டின் மானமாகிவிட்டது. மானம் புகுந்த இடத்திலே பொறுமை வெளியேறுவது இயல்பு.

ஈடன் தோட்டமும் சேப்பாக்கமும்

சொந்த அணியின்மீது கோபங்கொண்ட கூட்டத்துக்கு நமது பிராந்தியத்தில் முதற்சான்று கல்கத்தாவின் ஈடன் தோட்டம். 1996 மார்ச் 13இல், உலகக் கிண்ண அரையிறுதியாட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் அங்கே மோதின. ஒரு இலட்சம் பேர்வரை கூடியிருந்தனர். இலங்கை முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட்டுகளை இழந்தபோது அரங்கம் அதிர்ந்தது. அரவிந்த டி சில்வா 66 ஓட்டங்களும் றொஷான் மஹாநாம 58 ஓட்டங்களும் பெற, இலங்கை 8 விக்கெட்டுகளை இழந்து 251 ஓட்டங்களைச் சேர்த்தது. இந்தியா ஒரு விக்கெட்டை மாத்திரம் இழந்து 98 ஓட்டங்களை எட்டியவேளை வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. 65 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் ஆட்டமிழந்ததும் ஒருவர்பின் ஒருவராகச் சரிந்து, 120 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் என்றாயிற்று. 22 ஓட்டங்களுக்குள் 7 விக்கெட்டுகள்!

அப்பொழுதுதான் போத்தல்கள் பறந்தன. இருக்கைகளில் தீ எழுந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்க முயன்றபோதும் அமைதி திரும்பவில்லை. போட்டி மத்தியஸ்தராகிய கிளைவ் லொயிட் வெற்றியை இலங்கைக்கு வழங்கினார். ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ப்ளி கண்ணீரோடு மைதானத்தை விட்டு வெளியேறிய காட்சியை உலகம் பார்த்தது. நான்கு நாட்களின்பின், மார்ச் 17இல், லாகூரிலே அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தைப் பெற்றது.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். கூட்டத்தின் கோபத்தால் இந்தியா தோற்றது என்று கூறுதல் தகாது. ஏழு விக்கெட்டுகளும் போத்தல் பறப்பதற்கு முன்னரே விழுந்துவிட்டன. ஆனால் இரண்டு விக்கெட்டுகள் மீதமிருந்தன. மயிரிழையளவேயாயினும் நம்பிக்கை மீதமிருந்தது. அந்த மயிரிழையை அறுத்தவர் இலங்கைப் பந்துவீச்சாளர் அல்லர். இந்தியாவின் சொந்த ரசிகரே.

மூன்றாண்டுகள் கழிந்து 1999இல், இருபது நாள் இடைவெளியில், இரு வேறு நகரங்கள் இரு வேறு பாடங்களைக் கற்பித்தன. முதலாவது சென்னை. சேப்பாக்கத்தில் பாக்கிஸ்தானுக்கெதிரான டெஸ்ட் போட்டியில் இந்தியாவுக்கு 271 ஓட்டங்கள் தேவைப்பட்டன. டெண்டுல்கர் முதுகுவலியோடு நின்று 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. எஞ்சிய மூவரும் 4 ஓட்டங்களுள் வீழ்ந்தனர். ஜனவரி 31ஆந் திகதி இந்தியா 12 ஓட்டங்களால் தோற்றது. நெஞ்சு வெடிக்கத் தக்க தோல்வி! அந்நிலையிலும் சேப்பாக்கத்தில் இருந்த மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். தோற்ற தம் அணியைத் தூற்றவில்லை. வென்ற பாக்கிஸ்தான் அணி திடலைச் சுற்றி வந்தபோது அவர்களுக்கும் கரகோஷம் செய்தனர். இரு நாடுகளின் பகையையும் அறிந்தவர்கள் அதைக் கண்டு வியந்தனர். தமிழ் மண்ணில் நிகழ்ந்த அச்செயலை நினைக்கும்போது நமக்கும் பெருமை உண்டாகின்றது.

மற்றையது மீண்டும் கல்கத்தா. பெப்ரவரியில் ஈடன் தோட்டத்தில் அதே பாக்கிஸ்தானுக்கெதிராக 279 ஓட்டங்களை இந்தியா துரத்தியது. டெண்டுல்கர் ஓடும்போது பந்துவீச்சாளர் சொயிப் அக்தருடன் மோதுண்டு ரன் அவுட் ஆனதும் கூட்டம் கொதித்தது. டெண்டுல்கரும் அந்நாளில் சர்வதேச கிரிக்கெட் சபைத் தலைவராயிருந்த ஜக்மோகன் டால்மியாவும் திடலைச் சுற்றி நடந்து மக்களைச் சாந்தப்படுத்த வேண்டியதாயிற்று. இறுதிநாள் காலையிலும் விக்கெட்டுகள் சரியவே, கூட்டம் மீண்டும் பொருட்களை வீசியது, தாள்களைக் கொளுத்தியது. பொலிசார் ஏறக்குறைய 65,000 பேரை அரங்கத்திலிருந்து வெளியேற்றினர். வெறும் இருக்கைகளின் முன்னே எஞ்சிய விக்கெட்டும் விழுந்தது. 46 ஓட்டங்களால் தோல்வி. தம் வீரரின் கடைசி முயற்சியைக் காண அந்த நகரத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மூன்றாவதொரு நிகழ்ச்சியும் அதே ஈடன் தோட்டத்தில் உண்டு. அதுவே நமது பொருளுக்கு மிகவும் பொருந்துவது. 2005 நவம்பர் 25இல் தென்னாபிரிக்காவுடன் ஒருநாள் போட்டி. கல்கத்தாவின் செல்லப்பிள்ளையாகிய சௌரவ் கங்குலி இந்திய அணியில் இடம்பெறவில்லை. அந்தக் கோபத்திலே மக்கள் தம் நாட்டு அணிக்குக் கூக்காட்டித் தென்னாபிரிக்காவை உற்சாகப்படுத்தினர். இந்தியா 188 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டையும் இழக்காமல் வென்றது. கிறேம் ஸ்மித் ஆட்டமிழக்காமல் 134 ஓட்டங்கள் எடுத்தார். மூன்று நாட்களின் பின்னர் மும்பாயிலே அதே இந்திய அணி அதே தென்னாபிரிக்காவை 5 விக்கெட்டுகளால் வென்றது. ஆடுகளமும் நாணயச் சுழற்சியும் தம் பங்கைச் செய்திருக்கும். கூக்குரல் ஒன்றையே காரணமாகக் கூறுவது நியாயமன்று. எனினும், கூக்குரல் அணியை எழுப்பிவிடும் என்று நம்புவோர் இந்த நிகழ்ச்சியிலிருந்து ஓர் எள்ளளவு ஆதரவும் பெற முடியாது.

இலங்கையின் 2017

நமது நாட்டுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு இலங்கைத் துடுப்பாட்டத்துக்குக் கெட்ட காலம். ஜூலையிலே சிம்பாப்வே அணி இங்கு வந்து ஒருநாள் தொடரை 3க்கு 2 என்று வென்று போயிற்று. அதன்பின் வந்த இந்தியா மூன்று டெஸ்ட் போட்டிகளையும் வென்றது. ஆகஸ்ட் 20இல் தம்புள்ளையில் முதலாவது ஒருநாள் போட்டி. இலங்கை 216 ஓட்டங்களுக்கு ஆட்டமிழக்க, இந்தியா 9 விக்கெட்டுகளால் எளிதாக வென்றது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர் சிலர் இலங்கை அணியின் பஸ்ஸை மறித்து நின்று கூக்காட்டினர். அவ்வேளை முன்னாள் தலைவர் குமார் சங்கக்கார, தோற்கும் காலத்திலேதான் அணிக்கு ரசிகரின் துணை வேண்டும் என்ற கருத்துப்பட வேண்டுகோள் விடுத்தார். பயனில்லை. ஆகஸ்ட் 27இல் பல்லேகலையில், இந்தியா வெல்வதற்கு இன்னும் 8 ஓட்டங்களே தேவை என்றிருந்தபோது, இருக்கைகளிலிருந்து போத்தல்கள் திடலுக்குள் வந்து விழுந்தன. ஆட்டம் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றது. இந்திய வீரர் தோனி புற்றரையிலே படுத்து இளைப்பாறினார். பிறகு எழுந்து, எஞ்சிய ஓட்டங்களைச் சேர்த்து வெற்றியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூக்குரலால் இலங்கை அணி விழித்துக்கொண்டதா? எஞ்சிய இரண்டு போட்டிகளிலும் தோற்றது. தொடர் 5க்கு 0. இருபதுக்கு இருபது போட்டியிலும் தோல்வி. ஆனால் சொந்த மண்ணை விட்டு, போத்தல் எறிவாரும் பஸ் மறிப்பாரும் இல்லாத ஐக்கிய அரபு அமீரகம் சென்று, ஒக்டோபரிலே பாக்கிஸ்தானை இரண்டு டெஸ்ட் போட்டிகளிலும் வென்றது. அபுதாபியில் 136 ஓட்டங்கள் மட்டுமே தேவைப்பட்ட பாக்கிஸ்தானை 114க்குள் மடக்கினர் ரங்கன ஹேரத்தும் தோழரும். உடனே, ரசிகர் இல்லாத இடத்திலேதான் அணி வெல்லும் என்று எவரும் சூத்திரம் எழுதிவிடக் கூடாது. அதே பயணத்தில் ஒருநாள் தொடரை 5க்கு 0 என்று தோற்றதும் இவர்களே. அணியின் வலிவும் மெலிவும் பயிற்சியிலும் தெரிவிலும் மனநிலையிலும் தங்கியுள்ளன, போத்தலில் அன்று.

கைவிடாமையின் பலனுக்கு இலங்கை அணியிலேயே ஒரு சான்று உண்டு. முத்தையா முரளீதரன் பந்தை எறிகிறார் என்று, 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். அவுஸ்திரேலியத் திடல்களில் அவர் கேட்ட கூக்குரல் கொஞ்சமன்று. 1999 ஜனவரி 23இல் அடிலெய்டில் மற்றொரு நடுவர் அதையே செய்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று தம் பந்துவீச்சாளருக்காக நின்றார். அன்றைய ஆட்டத்தில் இங்கிலாந்தை இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. 2010 ஜூலை 22இல் காலியிலே, தம் கடைசி டெஸ்ட் போட்டியில், முரளீதரன் 800ஆவது விக்கெட்டைப் பெற்றார். அயலார் கூக்காட்டியபோது சொந்த அணியும் சேர்ந்து கூக்காட்டியிருந்தால் அந்த 800 இன்று ஏட்டிலே இருந்திருக்குமா?

ஒரு மனிதன் சுமந்த பழி

தோல்விக்கு முழு அணியும் பொறுப்பு. ஆனால் கூக்குரல் எப்பொழுதும் ஒரு மனிதனையே தேடிப் பிடிக்கும். 1950 ஜூலை 16இல் றியோ டி ஜனைரோவின் மரக்கானா அரங்கத்தில் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை முடிவுசெய்யும் ஆட்டம். சமநிலை கிடைத்தாலே பிறேசிலுக்குக் கிண்ணம். உருகுவே வீரர் கிக்கியா 79ஆவது நிமிடத்தில் அடித்த கோலினால் பிறேசில் 2க்கு 1 என்று தோற்றது. அந்தப் பந்தைத் தடுக்கத் தவறிய கோல் காப்பாளர் மொவாசிர் பார்போசா. அவர் 2000ஆம் ஆண்டிலே காலமாகும்வரை, ஐம்பது ஆண்டுகள், அந்தப் பழி அவரை விடவில்லை. கொலை செய்தவனுக்கும் தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு. பந்தைத் தவறவிட்டவனுக்கு எல்லையே இல்லையா?

மறுபுறத்தையும் பாருங்கள். 2007 மார்ச்சிலே உலகக் கிண்ணப் போட்டியில் பங்களாதேசத்திடம் இந்தியா தோற்றதும், றாஞ்சியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த தோனியின் வீட்டைக் கோபக்காரர் தாக்கினர். அதே ஆண்டு செப்டெம்பர் 24இல் அதே தோனி இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தை வென்று தலைவராக நாடு திரும்பினார். ஆறு மாதத்துள் ஒருவனை மண்ணில் தள்ளி, பின்பு தோளில் தூக்கும் கூட்டத்தின் தீர்ப்புக்கு என்ன பெறுமதி உண்டு?

அறிஞர் கண்டவை

பார்ப்போர் முன்னிலையில் மனிதன் செய்யும் காரியம் சிறக்குமா, கெடுமா என்பதை ஆராய்ந்த அறிஞர் பலர். அமெரிக்கரான நோர்மன் ட்ரிப்லெட் 1898இல், துவிச்சக்கரவண்டி ஓட்டுவோர் தனியே ஓடுவதிலும் பிறருடன் ஓடும்போது விரைவாக ஓடுவதைக் கண்டு எழுதினார். 1965இல் ரொபர்ட் ஸாயொன்ஸ் என்பவர் ஒரு நுட்பத்தை விளக்கினார். நன்றாகப் பழகிய செயலைப் பிறர் முன்னிலை சிறப்பிக்கும்; பழகாத செயலையும் கடினமான செயலையும் பிறர் முன்னிலை கெடுக்கும் என்பது அவர் முடிபு. பிறர் பார்க்கிறார் என்ற எழுச்சி, நமக்கு எது எளிதில் வருமோ அதையே முன்தள்ளும். தேர்ந்தவனுக்குத் திறமை முன்வரும், பழகுபவனுக்குப் பிழை முன்வரும். வெறும் பார்வைக்கே இவ்வளவு வலிமையென்றால், பழகும் இளைஞன்மீது பாயும் கூக்குரல் என்ன செய்யும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

1983இல் டொனால்ட் கிரியர் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டங்களை ஆராய்ந்தார். ரசிகர் நீடித்துக் கூக்காட்டிய சில நிமிடங்களில் வந்த அணியின் ஆட்டமே தாழ்ந்தது என்று கண்டார். அதாவது, கூக்குரல் தாழ்த்தும் கருவி. எதிரியின்மீது வீசினால் எதிரியைத் தாழ்த்தும். அதே கருவியைத் தன் அணியின்மீது வீசினால் அது உயர்த்தும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்? கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம் முதல் ஜேர்மனியில் வெற்று அரங்கங்களில் உதைபந்தாட்டம் நடந்தபோது, சொந்த மைதான அணிகள் வழக்கமாகப் பெறும் அனுகூலம் குறைந்தது. ரசிகரின் குரலுக்கு வலிமை உண்டென்பதற்கு இதுவும் சான்று. வலிமை உள்ள பொருளையன்றோ கவனமாகக் கையாள வேண்டும்!

இடித்துரை வேறு, கூக்குரல் வேறு

"அப்படியானால் குற்றத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பதா?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. வள்ளுவப் பெருந்தகை 'பெரியாரைத் துணைக்கோடல்' என்ற அதிகாரத்தில், கடிந்து சொல்லும் துணையை அரசனுக்கு இன்றியமையாததாக வைத்தார். இடித்துரை இல்லாத இடத்தில் எவரும் திருந்துவதில்லை. ஆனால் இடித்துரைப்பவன் குற்றம் செய்தவனிடம், குற்றம் இன்னதென்று, திருந்துவதற்குக் காலம் உள்ளபோது சொல்கிறான். கூக்காட்டுபவன் குற்றம் இன்னதென்று சொல்வதில்லை; ஒரு ஓசையை மட்டும் எழுப்புகிறான். அதுவும் பந்து காலிலே இருக்கும்போது, திருந்த நேரமே இல்லாதபோது எழுப்புகிறான்.

மேலும், குற்றம் பெரும்பாலும் திடலில் ஓடுபவனிடம் இல்லை. அவனைத் தெரிந்தவரிடமும் பயிற்றியவரிடமும் நிர்வகித்தவரிடமும் உண்டு. 2017இல் சனத் ஜயசூரிய தலைமையிலான தெரிவுக்குழு தொடர் தோல்விகளின் நடுவே பதவி விலகியது. பொறுப்புள்ளோரை நோக்கிய கேள்விக்கு அந்த அளவேனும் பயன் உண்டு. அங்கும் முறை வேண்டும். 2023 நவம்பரிலே உலகக் கிண்ணத் தோல்விகளால் எழுந்த சினத்தின் நடுவே விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் நிறுவன நிர்வாகத்தைக் கலைத்தார். அரசாங்கத் தலையீடு என்று கூறி, நவம்பர் 10இல் சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28இலேதான் தடை நீங்கியது. அதற்குள், இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. முறையற்ற கோபத்துக்கு விலை கொடுத்தவர் இளைஞரே.

இதற்கு எதிர்மாறாக, ரசிகரின் பெருந்தன்மையையும் இந்நாடு கண்டதுண்டு. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் அவுஸ்திரேலிய அணி இங்கு வந்து ஆடியது. ஜூன் 24இல் கொழும்பு பிரேமதாச அரங்கத்தில் கடைசி ஒருநாள் போட்டி. இலங்கை தொடரை முன்னரே வென்றிருந்தது. அன்று ஆயிரக்கணக்கான ரசிகர் மஞ்சள் உடுத்து வந்து, கஷ்டகாலத்தில் வந்ததற்காக அவுஸ்திரேலியாவுக்கு நன்றி சொல்லி முழங்கினர். அடுத்த ஓகஸ்ட் 27இல், ஆசியக் கிண்ணத்தின் முதலாட்டத்தில், 105 ஓட்டங்களுக்குள் சுருண்டு ஆப்கானிஸ்தானிடம் தோற்ற இலங்கை அணி, செப்டெம்பர் 11இல் இறுதியாட்டத்தில் பாக்கிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தது. முதலாட்டத்தோடு அவர்களைத் தூக்கியெறிந்திருந்தால் அந்தக் கிண்ணம் வந்திராது.

நமது திடல்கள்

இவ்வளவும் உலக வரலாறு. இனி வன்னித் திடலுக்கு வருவோம். சிறப்பாக ஆடும் பெரிய அணிகளுக்குப் பயிற்றுநர் உண்டு, மருத்துவர் உண்டு, சம்பளமும் உண்டு. கூக்குரலைக் கேட்டுக்கொண்டே அவர்கள் தொழிலைச் செய்யலாம். நம் கழக இளைஞனுக்கு என்ன உண்டு? பகலெல்லாம் வயலிலோ கடையிலோ மேசன் வேலையிலோ நின்றுவிட்டு, மாலையிலே இரவற் காலணியோடு ஓடிவருகிறான். அவனுக்குக் கிடைக்கும் ஒரே சம்பளம் ஊரவரின் கைதட்டு. அதனையும் பறித்துக் கூக்குரலைக் கொடுத்தால் அவன் ஏன் வரவேண்டும்? கழகத்தை விட்டவன் எங்கே போவான் என்பதைப் பெரியோர்கள் நம்மிலும் நன்கறிவர். போதைப்பொருள் இளைஞரைத் தேடி வருகின்ற இக்காலத்தில் திடல் ஒரு வேலி. அந்த வேலியை நாமே பிரிக்கலாமா? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் நுண்ணியது. வலைப்பந்தாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வீட்டிலே அனுமதி பெறுவதற்கே அவர்கள் ஒரு போட்டி ஆடிவிட்டு வருகிறார்கள். திடலிலும் நக்கல் கேட்டால், வீட்டார் சொன்னது சரி என்று திரும்பிவிடுவர்.

நமது முன்னோரின் கலைகளிலேயே இதற்கு நல்ல வழி உண்டு. முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பாருங்கள். விடியும்வரை ஆடும் கூத்தன் ஓரடியை மறந்து தடுமாறினால், பின்னே நிற்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அந்த அடியை எடுத்துப் பாடிவிடுவர். கூத்தன் மூச்சை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புவான்; சபையோரிற் பலர் பிழை நேர்ந்ததையே அறியார். பிழையைச் சுட்டும் வேலை மறுநாள் அண்ணாவியாருடையது. சவாரித் திடலிலும் பாருங்கள். வண்டி பிந்தினால் மாட்டுக்குக் கூக்காட்டுவார் எவருமில்லை. அடுத்த சவாரிக்கு அதற்கு எவ்வாறு தீனி கொடுப்பது என்பதையே பேசுவர். மாட்டுக்குக் காட்டும் பொறுமையை மனிதனுக்குக் காட்டலாகாதா?

ஆதலின், இளைஞர்காள், நாம் ஒன்றைத் துணிவோம். ஆட்டம் நடக்கும்வரை நம் குரல் நம் அணிக்கே உரியது. பிழை விடுகிறவனுக்கே அது கூடுதலாக உரியது. ஆட்டம் முடிந்து வியர்வை உலர்ந்த பின், கழகக் கூட்டத்திலே, பெயரைச் சொல்லாமற் பிழையைச் சொல்லிப் பேசுவோம். தெரிவிலே பட்சபாதம் கண்டால் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே எழுந்து நின்று நிர்வாகத்தைக் கேட்போம். அங்கே வாய்மூடியிருந்துவிட்டு, வேலியோரத்தில் நின்று பதினேழு வயதுப் பையனைக் கேட்பது வீரமன்று. பெரியோர்காள், உங்கள் ஒரு சொல்லுக்குத் திடலிலே பத்துக் குரல்களின் கனம் உண்டு. நீங்கள் கைதட்டினால் பிள்ளைகளும் கைதட்டுவர். நீங்கள் கூக்காட்டினால் அவர்கள் கல்லெடுப்பர்.

எதிரணியின் நல்லாட்டத்துக்கும் சேப்பாக்கம் எழுந்து நின்றது. நம் அணியின் தோல்விக்கும் எழுந்து நிற்கும் திடல்கள் வன்னியெங்கும் அமைவனவாக.